பள்ளத்தூர் வீட்டுச் சுதை பொம்மைகளைப் படம் எடுக்க: பழைய பாக்கெட் ஜூம் கேமரா எதை வாங்கலாம்?

மூணாங்கட்டு:
எல்லோருக்கும் வணக்கம். செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் ஐயாவின் (தாத்தாவின்) அப்பச்சி, அதாவது அவருடைய அப்பா, கட்டிய வீடு இருக்கிறது. இப்போது ஒன்பது புள்ளி, அதாவது ஒன்பது குடும்பம். ஆளுக்கு ஓர் ஊரில் இருக்கிறோம், வருடத்துக்கு ஒருமுறை முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்குத்தான் கூடுகிறோம். முகப்புக்கு மேலே கைப்பிடிச் சுவர் நெடுகச் சுதை பொம்மைகள். நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் துப்பாக்கிச் சிப்பாய்கள், கிளிகள், தெற்கு ஓரத்தில் கோட்டுப் போட்டுக் குடை பிடித்த ஒரு வெள்ளைக்காரர். போன ஐப்பசி மழையில் ஒரு கிளி உடைந்து விழுந்துவிட்டது. கொத்தனார் ஏறிப் பார்த்துவிட்டுச் சுவர் முழுக்க விரிசல் என்கிறார். தைக் கடைசியில் படைப்பு முடிந்ததும் பெயர்த்துவிட்டுத்தான் மறுபடி பூச முடியுமாம்.

அதற்குள் ஒவ்வொரு பொம்மையையும் கிட்டத்தில் படம் எடுத்து வைக்க வேண்டும். உள்ளே தூண் போதிகை, நிலைக்கதவு, மரவேலை எல்லாமும் எடுக்க ஆசை. நான் இருப்பது சென்னையில். குழந்தையோடு பல்லவனில் வந்து போகிறேன், பெரிய கேமரா தூக்க முடியாது. கைப்பையில் அடங்க வேண்டும். அதிகம் போனால் 25,000 ரூபாய். விளம்பரத்தில் பார்த்தது மூன்று: பானசோனிக் டிஇசட் 100 (24,000 கேட்கிறார்), சோனி எச்எக்ஸ் 90வி (22,000), கேனன் எஸ்எக்ஸ் 720 (15,000). எதற்குப் போகலாம்?

தேவகோட்டை ரஸ்தா:
இப்போது வரும் போன்களிலேயே 5 மடங்கு ஜூம் இருக்கிறதே. தனியாகக் கேமரா எதற்கு?

மூணாங்கட்டு:
என் போனில் டெலி லென்ஸ் கிடையாது. விரலால் பெரிதாக்கி எடுத்தால் லட்சுமியின் முகம் எண்ணெய் வழிந்த மாதிரி வருகிறது. அப்படிப்பட்ட போன் வாங்க என் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும்.

பழைய லென்ஸ்:
கேமரா பழுது பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். நீங்கள் சொன்ன மூன்றில் என் கை டிஇசட் 100 பக்கம்தான் போகும். காரணத்தையும் சொல்கிறேன்.

இந்தச் சின்னக் கேமராக்களில் ஜூம் எவ்வளவு என்பதை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள், சென்சார் அளவைப் போட மாட்டார்கள். எச்எக்ஸ் 90வி 2015இல் வந்தது, 24 முதல் 720 மி.மீ. வரை, அதாவது 30 மடங்கு. எஸ்எக்ஸ் 720 அடுத்த வருடம் வந்தது, 960 மி.மீ. வரை போகும். இரண்டிலும் உள்ளே இருக்கும் சென்சார் ஏறக்குறைய 6.2 × 4.6 மி.மீ.தான், சுண்டு விரல் நகம் அளவுகூட வராது. 2016இல் வந்த டிஇசட் 100 பத்து மடங்குதான் ஜூம் (25 முதல் 250), ஆனால் சென்சார் 13.2 × 8.8 மி.மீ. பரப்பளவில் நான்கு மடங்கு. விரிந்த நிலையில் அதன் லென்ஸ் எஃப் 2.8, சோனி எஃப் 3.5; இந்த எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்.

இது உங்கள் வீட்டில் எங்கே தெரியும் என்றால், பட்டாலையில் (தூண் வைத்த உள்கூடத்தில்) தெரியும். வளவில் (நடு முற்றத்தில்) வெளிச்சம் கொட்டும், இரண்டு எட்டு உள்ளே வைத்தால் இருட்டு. தேக்குத் தூண் கறுப்பு, உத்தரம் கறுப்பு. அங்கே சின்ன சென்சார் ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் அளவை) 1600க்கு ஏற்றும், செதுக்கிய கொடியும் பூவும் குழைந்துவிடும். அதே 1600இல் டிஇசட் 100இன் படம் சின்ன சென்சாரின் 400 அளவுக்குச் சுத்தமாக இருக்கும். ரா கோப்பாகவும் (கேமரா சுருக்காத மூலக் கோப்பு) எடுக்கலாம். எச்எக்ஸ் 90வி, எஸ்எக்ஸ் 720 இரண்டிலும் ரா கிடையாது.

பொம்மைக்கு 250 போதுமா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டே பாருங்கள். பொம்மை உங்களிடமிருந்து 12 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 250 மி.மீ.யில் படத்தின் நீளப் பக்கத்துக்குள் சுமார் 1.7 மீட்டர் அடங்கும். இரண்டடி பொம்மை அதில் மூன்றில் ஒரு பங்கு. 20 மெகாபிக்சலில் அது தாராளம், கண்ணிமை வரை தெரியும்.

நத்தைக்குத்தி:
அண்ணன் சொல்வது வீட்டுக்குச் சரி. ஆனால் கேமரா வாங்கினால் வீட்டோடு நின்றுவிடுமா? நான் எச்எக்ஸ் 90வி வைத்திருக்கிறேன், ஆறு வருடமாக வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு அதைத்தான் கொண்டு போகிறேன். கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்க் கரையில் நின்றால் நத்தைக்குத்தி நாரை கூட்டில் குஞ்சுக்கு ஊட்டுவது 720இல் முழுசாக நிற்கும். 250இல் எடுத்து வெட்டினால் இரண்டரை மெகாபிக்சல்கூட மிஞ்சாது.

தெரியாதவர்களுக்காக: அது 1977இல் சரணாலயமாக அறிவித்த இடம். கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக்காரர்கள் அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம். பள்ளத்தூருக்கு வந்தால் காலையில் ஒரு நடை போய்விட்டு வாருங்கள் ஆச்சி.

இன்னொரு விஷயம். எடை. சோனி பேட்டரியோடு 245 கிராம், டிஇசட் 100 312 கிராம். சட்டைப் பையில் போட்டால் அந்த வித்தியாசம் தெரியும்.

மூணாங்கட்டு:
சின்ன வயதில் அப்பச்சியோடு கொள்ளுகுடிப்பட்டிக்குப் போயிருக்கிறேன். ஆனால் இந்த முறை வீடுதான் முதலில். பறவை அடுத்த வருடமும் வரும்.

பழைய லென்ஸ்:
அப்படியானால் முடிவு தெரிந்துவிட்டது. கேனன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், அதில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை. மத்தியான வெயிலில் எதிர்வீட்டு மொட்டை மாடியில் நின்றால் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். மற்ற இரண்டிலும் வியூஃபைண்டர் உண்டு. டிஇசட் 100இல் உள்ளது சின்னதுதான், கண்ணைச் சட்டென்று நகர்த்தினால் வண்ணம் பிரிந்து தெரியும், ஆனாலும் வெயிலில் அது தெய்வம். 2025இல் புதிதாக வந்த டிஇசட் 99இல்கூட வியூஃபைண்டரை எடுத்துவிட்டார்கள். பழையதைத் தேடி வாங்க அதுவே ஒரு காரணம்.

ஆனால் டிஇசட் 100க்கு ஒரு வியாதி உண்டு, அதைச் சொல்லாமல் வாங்கச் சொல்வது பாவம். தூசி. ஜூம் நீளும்போது குழாய் காற்றை உள்ளே இழுக்கும், சுருங்கும்போது வெளியே தள்ளும். காற்றோடு போன தூசி சென்சாரில் உட்கார்ந்துகொள்ளும். மாற்று லென்ஸ் கேமரா மாதிரி கழற்றித் துடைக்க வழியில்லை, லென்ஸ் தொகுதியையே பிரிக்க வேண்டும். இணையத்தில் வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சு என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அப்படி வந்த கேமராவில் ஷட்டர் இதழ் விலகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

நேரில் போகும்போது இப்படிச் செய்யுங்கள். அபெர்ச்சர் (லென்ஸ் துளை) முறையில் வைத்து எஃப் 8க்குக் கொண்டு போங்கள். ஜூமை முழுக்க நீட்டி, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுங்கள். படத்தைத் திரையில் பெரிதாக்கி மூலைக்கு மூலை நகர்த்திப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலான வட்டம் தெரிந்தால் அது தூசி. எஃப் 2.8இல் எடுத்தால் தெரியாது, விற்பவர் காட்டும் படங்கள் எல்லாம் அப்படி எடுத்ததாகத்தான் இருக்கும்.

அடுத்தது லென்ஸ் கோணல். ஒரு முறை கீழே விழுந்த கேமராவில் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறு பக்கம் மசமசவென்றும் வரும். இதைச் சோதிக்க நம் ஊரில் இருப்பதைப் போல வசதி எங்கும் கிடையாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கு நேர் மேலே கேமராவைப் பிடித்து எடுங்கள். ஒரே பூ மூலைக்கு மூலை திரும்பத் திரும்ப வருமில்லையா, நான்கு மூலையிலும் பூவின் விளிம்பு ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வெளியூரில் செங்கல் சுவர் அல்லது செய்தித்தாள்.

அப்புறம் காது. ஜூமை முன்னும் பின்னும் பத்து முறை ஓட்டுங்கள், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஐந்து, நிமிர்த்தி ஐந்து. நறநற என்று மணல் சத்தம் கேட்டாலோ, நடுவில் தயங்கினாலோ, லென்ஸ் மூடும் இதழ்கள் பாதியில் நின்றாலோ வணக்கம் சொல்லி வந்துவிடுங்கள். இந்த வகைக் கேமராக்கள் பெரும்பாலும் சாவது லென்ஸ் மோட்டாரில்தான்.

கொத்தமங்கலம் 63:
நேரில் போய்ப் பார்ப்பதைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்னால் ஒரு எச்எக்ஸ் 90விக்கு 6,000 ரூபாய் முன்பணம் அனுப்பி ஏமாந்தேன். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், மாற்றலாகிப் போவதால் விற்பதாகவும் சொன்னார். அடையாள அட்டைப் படமெல்லாம் அனுப்பினார். பணம் போன பிறகு, பார்சல் கட்டணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று ஒரு க்யூஆர் படம் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னார். அப்போதுதான் உறைத்தது. க்யூஆரை ஸ்கேன் செய்து ரகசிய எண் (PIN) போடுவது பணம் கொடுக்க மட்டும்தான், வாங்குவதற்கு எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன், பணம் திரும்பவில்லை. அது மகளுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க வைத்திருந்த காசு.

பொருள் கையில், பணம் அதற்குப் பிறகு. பில் கேளுங்கள், பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
ஜப்பானிலிருந்து வந்த பழைய கேமராக்கள் சுத்தமாக இருக்கின்றன என்று கேள்வி. அதைப் பார்க்கலாமா?

பழைய லென்ஸ்:
சுத்தம்தான். ஆனால் அந்த நாட்டு விற்பனைக்கென்று வந்த சோனியிலும் பானசோனிக்கிலும் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், மாற்ற வழி வைக்கவில்லை. வாங்கும் முன் மெனுவில் மொழிப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அழகப்பாபுரம்:
காரைக்குடியில் செக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பக்கத்தில் குடியிருக்கிறேன், பேட்டரி பற்றி மட்டும் சொல்கிறேன். 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய நிலையம், மின்வேதியியல்தான் அவர்களுக்கு மூச்சு. இந்தத் தெருவில் டீக்கடையில்கூட லித்தியம் பற்றிப் பேச்சு வரும்.

கேமராவை அணைத்துவிட்டுப் பேட்டரியை வெளியே எடுங்கள். சமதளத்தில், ஒரு மேசைக் கண்ணாடி மேல், படுக்க வைத்து விரலால் சுண்டுங்கள். சுழன்றால் நடு உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைத் திரும்பவும் செருகாதீர்கள், உள்ளே சிக்கிக்கொண்டால் எடுப்பது கஷ்டம். டிஇசட் 100க்கு பிஎல்ஜி 10, சோனிக்கு என்பி-பிஎக்ஸ் 1. சோனியுடையது ஆர்எக்ஸ் 100 வரிசைக்கும் அதேதான் என்பதால் எளிதில் கிடைக்கும். புதிதாக ஒன்று வாங்கும் செலவைப் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுசாக ஏற்றி சூடான மாடி அறையில் வைத்தால்தான் சீக்கிரம் கெடும்.

மூணாங்கட்டு:
போன சனிக்கிழமை மதுரைக்குப் போய் அந்த 24,000 ரூபாய் டிஇசட் 100ஐப் பார்த்தேன். வெளிப்புறம் கீறலே இல்லை, தோல் உறை, பெட்டி, பில் எல்லாம் இருந்தன. மனசுக்குள் வாங்கியே விட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று எஃப் 8இல் அவர்கள் வீட்டுச் சுவரை எடுத்தேன். வலது மேல் மூலையில் மூன்று வட்டங்கள், நடுவில் ஒன்று. அவருக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன், முகம் வாடிவிட்டது. 16,000க்குத் தருகிறேன் என்றார். வெள்ளைச் சுண்ணாம்புப் பொம்மைகளை எடுக்கப் போகிறேன், ஒவ்வொரு படத்திலும் அந்தப் புள்ளி வரும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது வருத்தமாக இருந்தது.

பழைய லென்ஸ்:
சரியான முடிவு. தோல் உறையோடு வருவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வருடக்கணக்கில் பீரோவில் உறைக்குள் கிடந்த லென்ஸில் பூஞ்சை வரும். போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. வாங்கிய பிறகு உறையில் வைக்காமல் ஒரு எவர்சில்வர் தூக்கில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள். நீலமாக வரும் ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது, சூடு காட்டினால் மறுபடி நீலமாகும்.

நத்தைக்குத்தி:
அவசரப்படாதீர்கள் ஆச்சி. தைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. கொஞ்ச காலமாக இளவட்டங்கள் பழைய பாக்கெட் கேமராக்களைத் தேடுவதால் விலை ஏறித்தான் கிடக்கிறது, ஆனாலும் கிடைக்கும்.

மூணாங்கட்டு:
கிடைத்துவிட்டது. சென்னையிலேயே, தாம்பரத்தில் ஒரு பள்ளி ஆசிரியர். டிஇசட் 100தான். பின்பக்கம் பெயிண்ட் உரிந்திருக்கிறது, ட்ரைபாட் துளையைச் சுற்றித் தேய்ந்திருக்கிறது, பார்க்க அழகில்லை. ஆனால் எஃப் 8இல் சுவர் பளிச்சென்று வந்தது. ஜூமை இருபது முறை ஓட்டினேன், அவர் பொறுமையாக நின்றார். பேட்டரி சுழன்றது, அவரிடமே காட்டினேன், 1,000 குறைத்துக்கொண்டார். 21,000 ரூபாய். புதுப் பேட்டரி சொல்லியிருக்கிறேன்.

இனி எடுப்பது எப்படி என்று சொல்லுங்கள்.

பழைய லென்ஸ்:
நல்லது. தெருவில் நின்று அண்ணாந்து எடுக்காதீர்கள், முகவாய்தான் வரும். எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஏறிப் பொம்மைக்கு நேர் மட்டத்தில் நில்லுங்கள். வெயில் முகத்தில் நேராக விழும் நேரம் வேண்டாம், பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும் நேரம் பாருங்கள். அப்போதுதான் மடிப்பும் விரல் பிரிவும் எழுந்து தெரியும். ஒவ்வொன்றையும் நேர், இடச்சாய்வு, வலச்சாய்வு என்று மூன்று கோணம். வெள்ளை நிறைந்த காட்சியைக் கேமரா சாம்பலாக்கும், எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு படத்திலாவது அளவு தெரிய ஒரு அளவுகோலைப் பக்கத்தில் கட்டச் சொல்லுங்கள், கொத்தனாருக்கு அது உதவும். உள்ளே எல்இடி விளக்கில் கோடு கோடாக வந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

கோட்டையூர் பேருந்து:
இழை முழுக்க வாசித்தேன். சின்னதாக ஒன்று சேர்க்கலாமா? எங்கள் கோட்டையூரில் 1911இல் பிறந்தவர் ஏ.கே.செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போய் ஒளிப்படக் கலை படித்துவிட்டு, நாடு நாடாகத் திரிந்து காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தவர். அவர் தொகுத்த ஆவணப்படம் 1940இல் வெளியானது. பலர் எடுத்து எங்கெங்கோ போட்டு வைத்திருந்ததைத் தேடி எடுத்து ஓரிடத்தில் சேர்த்தார். நம் பக்கத்து வீடுகளுக்கும் அப்படி ஒரு சேகரிப்பு வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். மூணாங்கட்டு ஆச்சி எடுக்கப் போவதைக் கேட்டதும் மனசு நிறைந்தது.

மூணாங்கட்டு:
படைப்பு முடிந்து நேற்றுத்தான் திரும்பினேன். மொத்தம் 412 படங்கள். எதிர்வீட்டு ஆச்சி சாவி கொடுத்தார், காலை ஏழு மணிக்கு அவர்கள் மாடியில் நின்றேன். லட்சுமியின் கையில் தாமரை இதழ் ஒவ்வொன்றிலும் கரணையால் இழுத்த கோடு இருக்கிறது. கீழே நின்றால் யாருக்கும் தெரியப் போவதில்லை, ஆனாலும் இழுத்திருக்கிறார்கள்.

தெற்கு ஓரத்து வெள்ளைக்காரரைக் கடைசியில் எடுத்தேன். ஜூமை முழுக்க நீட்டி எடுத்துத் திரையில் பெரிதாக்கினால் நெற்றியில் மூன்று கோடு. விரிசல் என்று நினைத்தேன். மறு கோணத்தில் எடுத்தேன். விரிசல் இல்லை, சுண்ணாம்பிலேயே தடித்து எழுப்பிய திருநீற்றுப் பட்டை. இறங்கி வந்து அப்பத்தாவிடம் காட்டினேன். அவருக்கு 88 வயது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "காதைக் காட்டு" என்றார். காதில் கடுக்கன். "இது உங்க ஐயாவோட அப்பச்சி" என்றார். குடை பிடித்து, கோட்டுப் போட்டு ரங்கூனுக்குக் கப்பலேறிய கோலமாம். பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து கேமராவை வாங்கிப் பார்த்தார்கள். இத்தனை வருடமும் நாங்கள் எல்லோரும் அவரை வெள்ளைக்காரர் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

கொத்தனார் அந்தப் பொம்மையைப் பெயர்க்காமல் அடியில் கம்பி கொடுத்து நிறுத்திப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மற்றவற்றுக்குப் படங்களைப் பெரிய அளவில் அச்சிட்டுக் கேட்டிருக்கிறார், அதை வைத்துத் திரும்பச் செய்வாராம்.

பழைய லென்ஸ்:
கண் கலங்கிவிட்டது. ரா கோப்புகளை அழிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்களிடம், ஒன்று வேறொரு புள்ளியிடம்.

மூணாங்கட்டு:
ஐந்து பங்காளிகளுக்குப் பென்டிரைவில் கொடுத்துவிட்டேன் அண்ணன்.

இன்னும் ஒரு உதவி வேண்டும். மழையில் விழுந்த கிளிக்கு மட்டும் படம் இல்லை. சில்லுகளை அப்பத்தா ஒரு கூடையில் எடுத்து வைத்திருக்கிறார், மூக்கும் ஒரு சிறகும் கிடைக்கவில்லை. பள்ளத்தூரில் எங்கள் தெருவில் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று எடுத்த பழைய ஆல்பம் யாரிடமாவது இருந்தால், பின்னால் எங்கள் முகப்பு தெரிகிறதா என்று பாருங்கள். கஜலட்சுமிக்கு வடக்கே இரண்டாவதாக, தெருவைப் பார்த்துத் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும்.